வரலாற்று வீரப்படங்களும் வளரிளம் பருவத்தினரும் – வன்னிநிலம் சார்ந்த ஒரு நோக்கு

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவை நோக்கிச் செல்லும் வீதி ஒட்டுசுட்டானை ஊடறுத்துச் செல்கின்றது. அவ்வூரை அண்டிய கற்சிலைமடு என்னுமிடத்தில், 1803ஆம் ஆண்டு ஒக்ரோபர் 31ஆந் திகதி கப்டன் வொன் டிறிபேர்க் என்பான் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என்னும் செய்தியைத் தாங்கிய நினைவுக்கல்லொன்று ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் நாட்டப்பட்டது. கல்லின் வாசகம் ஆங்கிலம். அவ்வாக்கியத்தின் எழுவாய் டிறிபேர்க். வன்னியன் அதன் செயப்படுபொருள் மாத்திரமே. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றிய குறுநிலத் தலைவனின் ஞாபகம், அவனை வென்றவனைப் புகழ நாட்டிய கல்லினாலேயே இம்மண்ணில் ஓரிடத்தோடு பிணைந்து நின்றது என்பது விந்தையே. அக்கல் அவன் இறந்தான் எனக் கூறவில்லை. தோற்றான் என்றே கூறியது. ஆயினும் மக்கள் நினைவிலும் நாடக மேடையிலும் அவன் அந்நாளிலேயே வீழ்ந்துபடுகின்றான். மேடைக்கு ஒரு மரணம் வேண்டும். அம்மரணத்திற்கு வழிகோலக் காக்கை வன்னியன் என்னும் துரோகி ஒருவனும் வேண்டும்.

வரலாற்றை நாடகமாகவோ திரைப்படமாகவோ ஆக்கும்போது நிகழும் இம்மாற்றத்தை மனத்திற் கொண்டே, வாளும் குருதியும் நிறைந்த வரலாற்றுப் படங்கள் பதின்மூன்று முதல் பதினேழு வயதுவரையிலான பிள்ளைகளுக்கு ஏற்றவையா என்னும் வினாவை அணுகுதல் வேண்டும். பிற ஊர்களில் இது பொழுதுபோக்குப் பற்றிய வினா எனக் கொள்ளப்படலாம். மாங்குளத்தில் அவ்வாறு கொள்ளுதல் இயலாது. 1990 நவம்பரில் இங்கிருந்த இராணுவ முகாம் வீழ்ந்தது. 1998 செப்ரெம்பரில் இராணுவம் ஊரை மீண்டும் கைப்பற்றியது. அடுத்த ஆண்டு நவம்பரில் அது விடுதலைப் புலிகள் வசமாயிற்று. 2008 நவம்பரில் மீண்டும் கைமாறியது. பதினெட்டு ஆண்டுகளில் நான்கு முறை கைமாறிய ஊரொன்றில், போர்க்களத்தைத் திரையிற் பார்க்கும் பிள்ளையின் அருகே அதனை நேரிற் கண்டவர் ஒருவர் அமர்ந்திருக்கிறார்.

திரைப்படத்தைப் பார்ப்போரின் வயதை அரசு அளவிடத் தொடங்கியமை இருபதாம் நூற்றாண்டின் செய்கையாகும். இலங்கையில் 1912ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கப் பொது அரங்காற்றுகைகள் கட்டளைச் சட்டம் இதற்கு அடிகோலியது. அதே 1912இல் பிரித்தானியாவில் திரைப்படத் தணிக்கைச் சபை தோன்றியது. இந்தியாவில் 1918இல் ஒளிப்படக்காட்சிச் சட்டம் இயற்றப்பட்டு, 1920 முதல் சென்னை, பம்பாய், கல்கத்தா, இரங்கூன் ஆகிய நகரங்களில் தணிக்கைச் சபைகள் இயங்கின. இச்சபைகளின் பிறப்பிற் சிறுவர் நலன் என்னும் சொல் அடிக்கடி ஒலித்ததெனினும், குடியேற்ற ஆட்சியாளரின் உண்மையான அச்சம் வேறொன்று என்பதை அறிதற்குப் பெரும் ஆராய்ச்சி வேண்டியதில்லை. தேசிய உணர்வைத் தூண்டியமைக்காகக் கே. சுப்பிரமணியத்தின் 'தியாகபூமி' 1939இல் வெளிவந்த பின்னர் தடைசெய்யப்பட்டது. அப்படத்தில் எவரும் வாளேந்தவில்லை.

சுதந்திர இந்தியாவில் 'யூ', 'ஏ' என்னும் இரு சான்றிதழ்களே நெடுங்காலம் வழங்கின. ஒன்று யாவர்க்கும் உரியது. மற்றையது பதினெட்டு வயது நிரம்பியோர்க்கு உரியது. திரைப்படம் ஏனைய கலைகளினும் ஆழமாக உணர்ச்சியைத் தூண்டவல்லது. எனவே முன்தணிக்கையும் வயதுப் பாகுபாடும் தகும் என்று 1970இல் கே. ஏ. அப்பாஸ் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரு எல்லைகளுக்கும் இடைப்பட்ட பதின்ம வயதினர் என்னும் கூட்டத்தைச் சட்டம் கண்டுகொண்டது 1983இலேயே. பெற்றோர் வழிகாட்டலுடன் பார்க்கத்தக்கது எனப் பொருள்படும் 'யூ/ஏ' அப்போது புகுத்தப்பட்டது. 2024ஆம் ஆண்டு விதிகள் அதனை 7, 13, 16 என மூன்று வயதுப் படிகளாகப் பிரித்துள்ளன.

அமெரிக்காவில் இதற்கிணையான இடைநிலைத் தரமொன்று தோன்றிய வரலாறு இலங்கையரான நமக்குச் சிறிது நகைப்பையும் தருவது. 1935ஆம் ஆண்டின் இந்தியாவைக் களமாகக் கொண்ட 'இந்தியானா ஜோன்ஸ் அன்ட் த ரெம்பிள் ஒஃப் டூம்' என்னும் வீரசாகசப் படத்தை அந்நாட்டில் எடுப்பதற்குக் கதையை மாற்றுமாறு இந்திய அரசு கோரவே, படக்குழுவினர் 1983இல் கண்டியை அண்டிய மலைநாட்டிற்கு வந்து சேர்ந்தனர். மார்பிலிருந்து இதயத்தைப் பிடுங்கியெடுக்கும் காட்சியொன்று அதிலுண்டு. 1984இல் அது வெளியானபோது, சிறுவரையும் அழைத்துச்சென்ற பெற்றோர் பலர் சினமுற்றனர். அவ்வெதிர்ப்பின் பயனாக அவ்வாண்டு யூலையிலேயே 'பி.ஜி.–13' என்னும் தரம் உருவாயிற்று. ஆக, உலகெங்குமுள்ள பதின்ம வயதினரின் திரையரங்க வாசலைக் காக்கும் விதிகளுள் ஒன்றிற்கு நம் மலைநாட்டின் காட்சிகளும் ஒருவகையிற் காரணமாயின எனலாம்.

இச்சான்றிதழ்கள் யாவும் அளவிடுவது ஒன்றையே: எவ்வளவு குருதி, எத்துணை அண்மையில், எத்துணை நேரம் என்பதையே. அளவிடுதற்கு எளிதானது அது. யாருடைய குருதி, சிந்திய பின் யாது நிகழ்ந்தது என்பன அளவுகோலுக்கு அகப்படுவனவல்ல. அன்றியும், திரையரங்கு வாசலில் நின்று ஒரு பையனின் வயதைக் கேட்டறிந்த வாயிற்காவலர் நம்நாட்டில் எத்துணைப் பேர் இருந்திருப்பர் என்பதும் எண்ணத்தக்கது. பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' 1997இல் எடுக்கப்பட்ட படம். போரில் இறந்ததாகக் கூறப்பட்டு முத்திரையிட்ட பெட்டியில் வந்துசேர்ந்த மகனைப் பற்றியது. தந்தை கண்பார்வையற்ற முதியவர். அதிற் போர்க்களக் காட்சி இல்லை. எனினும் 2000ஆம் ஆண்டில் அதன் திரையிடல் நிறுத்தப்பட்டு, மறு ஆண்டில் உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டினாலேயே அது மக்களை அடைந்தது. கொல்லுதலைக் காட்டும் படங்கள் தடையின்றி ஓடிய நாட்டில், இறந்தவனுக்காகக் காத்திருத்தலைக் காட்டிய படம் ஏற்புடையதன்று எனக் கொள்ளப்பட்டது.

சான்றிதழ்கள் தோன்றுமுன் வன்னியில் இளையோர் வன்செயலைக் கலையிற் காணாமலில்லை. முல்லைத்தீவுப் பகுதியிற் பேரும் புகழும் பெற்றது கோவலன் கூத்து. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் வழிபாட்டோடு இயைந்து வளர்ந்த அக்கதை, தாயும் குழந்தையும் பாட்டனும் ஒரே பாயில் அமர்ந்து விடியும்வரை பார்த்தற்குரியதாயிருந்தது. அக்கதையின் நடுவே ஒரு கொலை இருக்கின்றது; அதுவும் குற்றமற்றவனின் கொலை. எனினும் அது பிள்ளைகளுக்கு ஆகாது என எவரும் கூறினாரில்லை.

ஏன் கூறவில்லை என்பதற்கு இளங்கோவடிகளிடம் விடை கிடைக்கின்றது. சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையில், கள்ளுண்டு களித்த கல்லாக் காவலன் ஒருவன் வாளோச்சுவதும் கோவலன் வீழ்வதும் ஒருசில அடிகளில் முடிந்துவிடுகின்றன. புலவர் அங்கே நின்று காயத்தை நோக்கவில்லை. ஆயின் அதன் பின்னர் துன்பமாலை, ஊர்சூழ்வரி, வழக்குரை காதை, வஞ்சினமாலை எனக் காதை காதையாக அவ்வொரு மரணத்தின் விளைவே விரிகின்றது. ஒருத்தி தெருவில் நின்று கேட்கிறாள். ஓர் அரசன் தன் பிழையுணர்ந்து உயிர்விடுகிறான். ஒரு நகர் எரிகின்றது. கொலை கணப்பொழுது, துயரம் நெடிது. பாயில் அமர்ந்திருந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளை வாள்வீச்சை மறந்தாலும் கண்ணகியின் கையிலிருந்த சிலம்பை மறந்திராது.

இதனைக் கொண்டு பழந்தமிழ் மரபு முழுவதையும் தூயதெனப் போற்றுதல் நேர்மையாகாது. கலிங்கத்துப்பரணியில் செயங்கொண்டார், களத்திற் பட்டோரின் உடல்களைக் கொண்டு பேய்கள் கூழ் அட்டுக் காளிக்குப் படைத்துத் தாமும் உண்பதை நகைச்சுவை ததும்பப் பாடுகின்றார். வெற்றிபெற்றது முதலாங் குலோத்துங்கனின் படை. கலிங்கத்தார் அங்கே சமையற்பொருளேயன்றி மனிதரல்லர். இன்னும் நெருங்கி நோக்கத்தக்கது ஒக்கூர் மாசாத்தியார் பாடிய புறநானூற்று 279ஆம் பாடல். முன்னைய நாட்களில் நடந்த போர்களில் தமையனையும் கணவனையும் இழந்த ஒருத்தி, இன்று போர்ப்பறை கேட்டதும் தன் ஒரே மகனுக்கு எண்ணெய் தடவித் தலைசீவி வேலைக் கையிற் கொடுத்துப் போக்குகின்றாள். அம்மகன் இளையவன். மறக்குடி மகளிரின் மாண்பு எனப் பள்ளியிலும் மேடையிலும் இது விளக்கப்பட்டு வந்துள்ளது. வன்னியின் அண்மைக்கால வரலாற்றை அறிந்தவர் இப்பாடலை அவ்வளவு எளிதில் விளக்கிவிட்டுச் செல்ல முடியாது. பதினெட்டு வயதிற்குட்பட்டோர் போரிற் சேர்க்கப்பட்டதை ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியம் ஆண்டுக்கணக்காகப் பதிவுசெய்துள்ளது. அவ்வயதிற் படம் பார்க்கலாமா என்பதன்று அப்போதிருந்த வினா.

சிங்கள மக்களிடையேயும் வரலாற்று வீரத்தைப் பேசும் ஏடும் படமும் உள. துட்டகைமுனுவின் கதையை 2015இல் ஜயந்த சந்திரசிறி 'மஹாராஜ கெமுனு' என்னும் படமாக்கினார். அக்கதைக்கு மூலமான மகாவம்சத்தின் இருபத்தைந்தாம் அதிகாரம் ஈண்டுக் கூர்ந்து நோக்கற்பாலது. வீழ்ந்த எல்லாளனின் உடல் கிடந்த இடத்திற் சேதியமெழுப்பி வழிபடுமாறு துட்டகைமுனு ஆணையிட்டான் என்றும், அவ்விடத்தைக் கடக்கும் அரசகுமாரர் இசையை நிறுத்திச் செல்வர் என்றும் அவ்வதிகாரம் கூறுகின்றது. அதே அதிகாரத்தின் பிற்பகுதியில், பேரழிவை எண்ணி வருந்திய மன்னனை அருகதர் தேற்றுகின்றனர்: கொல்லப்பட்டோருள் திரிசரணம் அடைந்த ஒருவனும் பஞ்சசீலமும் மேற்கொண்ட ஒருவனுமே கணக்கிற்குரியோர், ஆகவே கொன்றது ஒன்றரை மனிதரையே, ஏனையோர் விலங்குக்கு ஒப்பானவர். ஓர் ஏட்டின் ஒரே அதிகாரத்தில், பகைவனுக்காக இசையை நிறுத்திய கையும் பகைவரை மனிதக் கணக்கிலிருந்து நீக்கிய நாவும் அடுத்தடுத்துள்ளன. வரலாற்றுப் படமெடுப்போன் இவ்விரண்டுள் எதனைத் தெரிந்தெடுக்கின்றான் என்பதே, ஒரு பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அப்படம் ஆகுமா ஆகாதா என்பதைத் தீர்மானிக்கும். சிந்திய குருதியின் அளவு அதற்கு அடுத்தபடியே.

இவ்வளவுகோலைக் கொண்டு தமிழர் பெரிதும் போற்றிய வரலாற்றுப் படமொன்றை நோக்கலாம். 1959இல் பி. ஆர். பந்துலு இயக்கிய 'வீரபாண்டிய கட்டபொம்மன்' முன்னர் சிவாஜி கணேசனின் மேடை நாடகமாகப் புகழ்பெற்றிருந்தது. சக்தி கிருஷ்ணசாமி எழுதிய உரையாடல் ஈழத்துப் பாடசாலைக் கலைவிழாக்களிலும் ஒலித்தது; ஒட்டுமீசையும் அட்டைவாளுமாய் வரி கேட்ட வெள்ளையனைச் சீறாத மாணவ நடிகர் அரியர். நடிப்பிற்காகக் கெய்ரோ நகரில் 1960இல் நடந்த ஆசிய ஆபிரிக்கத் திரைப்பட விழாவிற் சிவாஜி கணேசன் சிறப்பிக்கப்பட்டார். இன்றைய கண்கொண்டு பார்ப்போர்க்கு அதன் போர்க்காட்சிகள் மென்மையானவை. தூக்குமேடையில் முடியும் அப்படத்தைப் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குக் காட்டுதலில் குருதி பற்றிய தடை யாதும் எழாது.

ஆயின் அப்படம் இளையோர் நாவில் விட்டுச்சென்ற சொற்களுள் ஒன்று எட்டப்பன் என்பது. எட்டயபுரத்தார் கும்பனிக்குத் துணைநின்றது உண்மை. எனினும் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தபின் தப்பியோடிய கட்டபொம்மனைப் பிடித்துக் கும்பனியிடம் ஒப்படைத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். 1799 ஒக்ரோபர் 16இல் கயத்தாற்றில் மேஜர் பானர்மன் அவனைத் தூக்கிலிட்டான். பாளையக்காரர் பலர் தத்தம் நிலங்களையும் பழம்பகைகளையும் கருதிப் பக்கஞ்சேர்ந்த சிக்கலான காலமது. கதைப்பாடல்களும் நாடகமும் திரையும் அச்சிக்கலை நீக்கி, ஒரு வீரனையும் ஒரு துரோகியையும் நமக்குத் தந்தன. கற்சிலைமடுக் கதையிலும் இவ்வார்ப்பே உள்ளமை முன்னர் கூறப்பட்டது.

துரோகி என்னும் சொல் ஈழத்தில் மேடையோடு நின்றுவிடவில்லை. யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா 1975 யூலை 27ஆந் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். அச்சொல் சூட்டப்பட்டபின் கொல்லப்பட்ட தமிழர் அதன்பின் பலர். கட்சித் தலைவர், ஆசிரியர், பல்கலைக்கழக விரிவுரையாளர் என அவர் பலதிறத்தார். ஒரு திரைப்படத்தினால் இவை நிகழ்ந்தன எனக் கூறுவது பேதைமை. 1929 முதல் அமெரிக்காவிற் பேன் நிதியத்தின் ஆதரவில் நடந்த ஆய்வுகள் தொட்டு இற்றைவரை, படத்திற்கும் பார்ப்போன் செயலுக்கும் நேர்வழித் தொடர்பொன்றை ஐயமற நிறுவுதல் எளிதாயிருக்கவில்லை. ஆனால் ஒரு சமூகம் தன் இளையோருக்கு எந்த வார்ப்புகளைத் திரும்பத் திரும்பக் காட்டியது என்பது வரலாற்று மாணவன் கேட்கவேண்டிய கேள்வியே. அவ்வகையில், குருதி குறைந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' குறித்து எழும் ஐயம், குருதி மிகுந்த படங்கள் குறித்து எழுவதினும் சிறிதன்று.

போர்க்காலத்தில் வன்னியில் மின்சாரம் இருக்கவில்லை. 1990இல் துண்டிக்கப்பட்ட புகையிரதமும் 2013 செப்ரெம்பரிலேயே மாங்குளத்தைக் கடந்து கிளிநொச்சியை மீண்டும் அடைந்தது. மின்பிறப்பாக்கியின் இரைச்சலுக்கிடையே ஒளிநாடாக்கள் பார்க்கப்பட்டன. விடுதலைப் புலிகளின் நிதர்சனம் பிரிவு 'ஒளிவீச்சு' என்னும் ஒளிநாடா இதழை வெளியிட்டது. உண்மையான சமர்க்களங்கள் அவ்விதழ்களில் இடம்பெற்றன. நடிகனின் மரணத்திற்கும் அயல்வீட்டுப் பையனின் மரணத்திற்கும் இடையிலிருந்த திரை அங்கே விலகிற்று. எந்தச் சபையும் அதற்கு வயது குறிக்கவில்லை.

இனி 2010க்கு வருவோம். அவ்வாண்டு தைப்பொங்கலன்று செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்' வெளிவந்தது. 1279இற் சோழப்பேரரசு வீழ்ந்தபோது தப்பிய குழுவொன்று மறைவான தீவொன்றில் நூற்றாண்டுகள் கடந்தும் வாழ்வதாக அமைந்த கற்பனை. அதன் இறுதிப் பகுதியில் நவீன ஆயுதந் தாங்கிய படையொன்று அம்மக்களை அழிக்கின்றது, பெண்கள் சிதைக்கப்படுகின்றனர். எட்டு மாதங்களுக்கு முன் முள்ளிவாய்க்காலில் நிகழ்ந்ததை அக்காட்சிகளில் இனங்கண்ட தமிழர் பலர். தணிக்கைச் சபை அதற்கு 'ஏ' சான்றிதழ் வழங்கியது. குருதியை அளக்கும் கோலின்படி அது சரியான முடிவே. ஆயின் 2009 மே மாதத்தில் வன்னிக் கடற்கரையிற் பத்து வயதோடு பதுங்குகுழியிலிருந்து, பின்னர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் முட்கம்பிக்குள் இருத்தப்பட்ட ஒரு பிள்ளையை எண்ணுக. அதன் வாழ்வை ஒத்த படமொன்றைப் பார்க்க அது இன்னும் எட்டு ஆண்டுகள் காத்திருக்கவேண்டும் எனச் சட்டம் கூறிற்று. சட்டத்தில் பிழையில்லை. சட்டம் எண்ணிப்பார்த்த பிள்ளை வேறொருவர் என்பதே உண்மை.

அப்படத்தைப் பதினெட்டு வயதிற்கு முன் காட்டுதல் தகாது என்றே இங்கும் கூறவேண்டியுள்ளது. காரணம் மட்டும் வேறு. முதற்பாதி முழுவதும் கொலைகளை விளையாட்டாகக் கடந்துசெல்லும் அப்படம், இறுதியில் திடீரெனத் துயரைக் கோருகின்றது. பார்ப்போனின் மனம் அதற்குள் மரத்துவிடுகின்றது. மணிரத்தினத்தின் 'பொன்னியின் செல்வன்' (2022, 2023) 'யூ/ஏ' பெற்றது. அதனைப் பதின்மூன்று வயதினர் பார்க்கலாம். இளவரசன் ஆதித்த கரிகாலனின் கொலை அங்கே நின்று நோக்கப்படுகின்றது. கொல்லவந்தோருக்கும் தம் மன்னன் வீரபாண்டியனின் தலையைப் பற்றிய நினைவுண்டு. அப்படத்தில் ஈழம் சோழர் படைநடத்துங் களமாக மாத்திரம் வந்துபோவதைப் பார்த்திருப்போருக்கு எவரேனும் எடுத்துச்சொல்லுதல் நன்று. மாங்குளத்திலிருந்து ஏ–9 வீதிவழியே தெற்கே சென்றால் அநுராதபுரம் தொலைவிலில்லை. சோழர் அழித்த நகர் அது.

எடுத்துச்சொல்லுவோர் யார் என்பதிலேதான் இடர்ப்பாடு தோன்றுகின்றது. பெற்றோர் வழிகாட்டலுடன் பார்க்கத்தக்கது என்னும் விதி, பெற்றோரைக் கலங்காத மனத்தினராகவும் பிள்ளையைக் காக்கப்படவேண்டியவராகவும் கொள்கின்றது. மாங்குளத்தில் இம்முறைமை தலைகீழாதல் கூடும். 2009இன் பின் பிறந்த பிள்ளைக்குப் பீரங்கி முழக்கம் ஒலிபெருக்கியிலிருந்து வரும் இன்ப அதிர்வு. கைத்தொலைபேசியில் அது பலமுறை கேட்டது. அருகிலிருக்கும் தாய்க்கு அவ்வாறன்று. எதிரிப்படை சிதறும்போது பிள்ளை கைதட்ட, தாய் எழுந்து குசினிப் பக்கம் போய்விடுவாள். பிள்ளை அதனைக் கவனித்துப் படத்தை நிறுத்தி ஏனென்று கேட்குமாயின், படம் எதுவாயினும் அவ்வயதிற்கு ஏற்றதே. பதினேழு வயதிலும் கேட்கத் தோன்றாத பிள்ளைக்கு எந்தச் சபையின் முத்திரையும் துணைவராது. தாய் அப்போது சொல்லுவாளா, பேசாமல் அடுப்பை மூட்டுவாளா என்பது வேறு.